நுரைச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு நுரைத் துவக்கு

பெருநாளுக்கு முந்திய பத்து நாளும் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற பாதையோரக் கடைகளைப் பாருங்கள். செருப்பு, வளையல், அத்தர் போத்தல் எல்லாம் உள்ளே போய்விடும். வாசலில் கயிறு கட்டித் தொங்குவது துவக்கு. கறுப்புத் துவக்கு, வெள்ளித் துவக்கு, லைட் எரிகிற துவக்கு, சின்னப் பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற துவக்கு, கேப்ஸ் வெடிக்கிற துவக்கு, இப்போ சில வருசமாக நீலமும் செம்மஞ்சளுமாக ஸ்பொஞ்ச் அம்பு சுடுகிற துவக்கு. பெருநாள் காசு கையில் விழுந்த பொடியன்மார் நேரே போய் நிற்கிற இடம் அதுதான். பெருநாள் இல்லாதவர்களுக்குத் தலவில புனித அன்னம்மாள் திருவிழா இருக்கிறது. ஆடி, ஆவணியில் அங்கே போடுகிற கடைகளிலும் இதே சாமான்தான் தொங்கும். மாம்புரிப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் கிட்ட. மதம் வேறாக இருந்தாலும் கேட்கிற சாமான் ஒன்று.

பிறகு வீட்டில் சண்டை. "துவக்கு எல்லாம் விளையாட்டுச் சாமானா?" என்று ஒரு பக்கம். "சின்னப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது, வாங்கிக் குடுங்க" என்று மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் கடையில் தொங்குகிற எல்லாவற்றையும் ஒரே சாமானாக நினைத்துத்தான் சண்டை பிடிக்கிறார்கள். அது ஒரே சாமான் இல்லை. அதில் இரண்டு பரம்பரை இருக்கிறது. ஒன்று துவக்கின் முகத்தைக் கொப்பி அடிக்கிற பரம்பரை. மற்றது துவக்கின் மூச்சை எடுத்துக்கொண்ட பரம்பரை. எதை வாங்குவது என்று கேட்கிற தம்பி தங்கைமாருக்கும் அவர்களின் வாப்பா உம்மாமாருக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் அந்தச் சொல். தமிழ்நாட்டில் துப்பாக்கி என்பார்கள், நாங்கள் துவக்கு என்கிறோம். சிங்களத்தில் துவக்குவ, தெலுங்கில் துபாக்கி, மலையாளத்தில் தோக்கு. எல்லாம் ஒரே குடும்பம். துப்புவதால் துப்பாக்கி என்றும், சண்டையைத் துவக்குவதால் துவக்கு என்றும் பள்ளிக்கூடத்தில் பகிடியாக விளக்கம் சொல்லித் திரிந்திருக்கிறோம். உண்மையில் வேர் துருக்கியில் இருக்கிறது. துருக்கியில் துவக்குக்கு 'துஃபெக்' என்று பெயர். அது பாரசீகம், உருது வழியாக இந்தியாவுக்கு வந்து ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு மாதிரி மாறியது.

சுவாரசியம் இனிமேல்தான். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி என்பவர் துருக்கி மொழிகளுக்கு ஒரு பெரிய அகராதி தொகுத்தார். வெடிமருந்துத் துவக்கு அந்தப் பக்கத்தில் யாருடைய கைக்கும் வராத காலம் அது. ஆனால் அந்தச் சொல்லின் பழைய வடிவம் அகராதியில் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள், சிட்டுக்குருவி அடிக்கிற ஊதுகுழாய். உள்ளே சின்ன உருண்டை ஒன்றை வைத்து வாயால் 'தூஃப்' என்று ஊதினால் பறந்து போய்ப் படும். ஊதுகிற சத்தமே சொல்லாகிவிட்டது என்பார்கள். பிறகு வெடிமருந்து வந்தது, குழாய் இரும்பானது, பழைய பெயர் புது ஆயுதத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

அதாவது துவக்கு என்ற சொல் பிறந்தபோது அதில் நெருப்பில்லை, காற்றுத்தான் இருந்தது. வகுப்பில் பேனையின் உள்ளே இருக்கிறதைக் கழற்றி எறிந்துவிட்டு, மென்ற கடதாசி உருண்டையை வெறும் குழாயால் முன் வாங்கில் இருப்பவனின் பிடரியில் ஊதியிருக்கிறீர்கள்தானே? சொல்லின் முதல் அர்த்தத்தில் அதுதான் அசல் துவக்கு.

இந்தியாவில் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிற ஓர் இடம் சத்தீஸ்கரில் பஸ்தர். அங்கே ஜகதல்பூரில் ஜகந்நாதர் தேர்த் திருவிழாவைக் 'கோஞ்சா' என்கிறார்கள். அந்த நாட்களில் பழங்குடி மக்கள் மூங்கிலில் செய்த ஒரு விளையாட்டுத் துவக்கைக் கொண்டுவந்து விற்பார்கள். பெயர் 'துப்கி'. காதில் விழும்போதே சொந்தக்காரன் என்று தெரிகிறது இல்லையா? தேர் வரும்போது சாமிக்கு மரியாதை வேட்டுப் போல அதைச் சுடுவார்கள், பிறகு ஆளை ஆள் சுட்டு விளையாடுவார்கள். குண்டு, ஒரு காட்டுக்கொடியின் பச்சைக் காய்.

அது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். துளையுள்ள மூங்கில் துண்டு. அதற்குள் சரியாகப் போய்வருகிற ஒரு குச்சி. முதல் காயைத் தள்ளி முன் வாயில் இறுக வைக்கவேண்டும். இரண்டாவது காயைப் பின்னால் வைத்துக் குச்சியால் வேகமாகத் தள்ளவேண்டும். இரண்டு காய்க்கும் நடுவில் அகப்பட்ட காற்று நெருங்கி நெருங்கி, தாங்க முடியாத கட்டத்தில் முன் காயை 'டப்' என்று வெளியே எறிந்துவிடும். பின் காய் நகர்ந்து முன் வாய்க்கு வந்து அடுத்த குண்டாகிவிடும். வெடிமருந்தும் இல்லை, பெட்டரியும் இல்லை.

எங்கள் கரைக்கு வந்த துவக்கு அந்த மாதிரி இல்லை. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது கூடவே பீரங்கியும் வந்தது. இடியை விடப் பெரிய சத்தம் என்று பழைய சிங்கள வரலாற்று நூலே வியந்து எழுதி வைத்திருக்கிறது. வியந்தவர்கள் சும்மா இருக்கவுமில்லை. கொஞ்சக் காலத்திலேயே இலங்கைக் கொல்லர்கள் செய்த துவக்கைப் போர்த்துக்கேயரே மெச்சுகிற அளவுக்குப் போய்விட்டது. அடுத்து ஒல்லாந்தர். மாம்புரியிலிருந்து வடக்கே அதே பாதையில் போனால் வருகிற கற்பிட்டிக் கோட்டையை 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டினார்கள். களப்பின் வாயில் நின்றுகொண்டு கண்டி அரசனுக்குப் புத்தளம் வழியாகப் போகிற சாமானைத் தடுப்பதுதான் அந்தக் கோட்டைக்கு வேலை. 1765இல் அவர்கள் கண்டிக்குள்ளே புகுந்து கொள்ளையடித்துக்கொண்டு போனதில் ஒரு குட்டிப் பீரங்கியும் இருந்தது. பொன், வெள்ளி, மாணிக்கம் பதித்த அழகான சாமான். சண்டைக்குச் செய்ததில்லை, சபையில் வைத்துப் பார்க்கச் செய்தது. ஒரு வகையில் அரசனுடைய விளையாட்டுத் துவக்கு என்றே சொல்லலாம். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் கிடந்த அதை 2023இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்தது. இப்போது கொழும்பில் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை, யாருக்கும் நெஞ்சு நோகாது. 1990 அப்படியில்லை.

அந்த ஒக்டோபரில் வடக்கு மாகாணத்திலிருந்த முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். இந்த நிலமுனை முழுக்க, தென்னந்தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் நடுவில், ஓலைக் கொட்டில் கேம்ப் முளைத்தது. இன்று அவை கல் வீடுகள். அந்த வீடுகளில் பிறந்த மூன்றாவது தலைமுறைதான் இப்போது பெருநாள் காசோடு கடை வாசலில் நிற்கிறது. அந்தப் பொடியன் கறுப்புத் துவக்கை நீட்டிக்கொண்டு "கையைத் தூக்குங்க!" என்று வீட்டுக்குள்ளே ஓடி வரும்போது, மூலையில் இருக்கிற உம்மும்மாவின் முகம் ஒரு கணம் மாறும். பிறகு அவவே சிரித்துக் கையைத் தூக்குவா. அந்த ஒரு கணத்தைக் கண்டவர்கள் எங்களில் பல பேர்.

வடக்கில் பிள்ளைகளைப் போருக்குப் பழக்கியபோது முதலில் கையில் கொடுத்தது மரத்தில் செய்த துவக்கு. விளையாட்டுச் சாமான் மாதிரியே இருந்த அது விளையாட்டுக்கு இல்லை. நிஜத் துவக்கின் பாரத்துக்கும் நீளத்துக்கும் உடம்பைப் பழக்கும் சாமான். பிறகு 2019. ஜனவரியில் எங்கள் மாவட்டத்து வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருள் பிடிபட்டது. ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. மே மாதம் இதே மாவட்டத்தில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்த வருச நோன்புப் பெருநாள் ஜூன் முதல் வாரம். சோதனைச் சாவடியைத் தாண்டுகிற வானுக்குள்ளே பிள்ளையின் மடியில் கறுப்புப் பிளாஸ்டிக் துவக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பார்க்கிற ஆளுக்கு அது என்னவென்று தெரிய எத்தனை வினாடி எடுக்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு ஒரு கொடூரமான பதில் கிடைத்தது. 2014 நவம்பர் 22, கிளீவ்லாந்து நகரத்துப் பூங்கா. 12 வயது டமிர் ரைஸ் கையில் வைத்திருந்தது பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற விளையாட்டுத் துவக்கு. நிஜத் துவக்கை அச்சாக வார்த்தது. பொலிஸ் வாகனம் வந்து நின்று இரண்டு வினாடிக்குள்ளே சுட்டார்கள். பிள்ளை இறந்துபோனான். விளையாட்டுத் துவக்கின் வாயில் செம்மஞ்சள் நிறம் இருக்கவேண்டும் என்று அந்த நாட்டில் 1988இலேயே சட்டம் வந்தது. அவனுடைய துவக்கில் அந்த நிறம் இருக்கவில்லை. கறுப்புப் பிள்ளை என்பதால்தான் இரண்டு வினாடி, இல்லாவிட்டால் பேசிப் பார்த்திருப்பார்கள் என்று அங்கே பலர் சொன்னார்கள். எங்களுக்கு அது விளங்கும். எந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளையாட்டுச் சாமானும் மாறும்.

இதுதான் முகத்தைக் கொப்பி அடித்த பரம்பரை. இதன் மூத்த பிள்ளை கேப்ஸ் துவக்கு. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், நிஜத் துவக்கு செய்தவர்களில் சிலர் வேலையில்லாமல் விளையாட்டுத் துவக்குப் பக்கம் திரும்பினார்கள். கடதாசிக்கு நடுவில் ஒரு பொட்டு மருந்து, தட்டினால் சத்தம். பறந்து போக ஒன்றுமில்லை, முகமும் சத்தமும் மட்டும். 1950களில் கௌபோய்ப் படங்கள் வந்தபோது அது உச்சத்துக்குப் போனது.

அடுத்தது உருண்டைத் துவக்கு. இதன் பாட்டன்மாரில் ஒருவருக்கும் மாம்புரிக்கும் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிளைமவுத் ஊரில் 1882இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். விவசாயிகளுக்குத் தண்ணீர் இறைக்கக் காற்றாலை செய்து விற்கிற கம்பெனி. வியாபாரம் படுத்துவிட்டது. 1886இல் கிளாரன்ஸ் ஹமில்டன் என்பவர் தான் செய்த உலோகக் காற்றுத் துவக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். காற்றாலை வாங்குகிறவர்களுக்கு இதை இனாமாகக் கொடுப்போம் என்று தீர்மானித்தார்கள். கடைசியில் காற்றாலையை ஒருவரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் இனாம்தான் வேண்டியிருந்தது. 1895இல் கம்பெனியின் பெயரையே துவக்கின் பெயருக்கு மாற்றி 'டெய்சி' என்று வைத்தார்கள். உலோக உருண்டை சுடுகிற பிள்ளைகள் துவக்கு என்றால் அமெரிக்காவில் இன்றும் அந்தப் பெயர்தான். மாம்புரியில் கதை மறுபக்கம். 2010 முதல் கடற்கரையோரம் காற்றாலைகள் வந்தன. முதல் கட்டத்தில் மட்டும் 10 மெகாவாட். எங்களுக்கு யாரும் இனாமாகத் துவக்குத் தரவில்லை, நல்ல காலம்.

இப்போது எங்கள் கடைகளில் தொங்குகிற உருண்டைத் துவக்கு டெய்சி அளவுக்கு வலுவானதில்லை. 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் உருண்டை, ஸ்பிரிங்கால் சுடுவது. ஆனால் பெருநாளோடு அதற்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டியிருக்கிறது. 2015 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் நோன்புப் பெருநாள் விடுமுறைக்குள்ளே குறைந்தது 184 பேர் கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அநேகமாக எல்லாரும் பிள்ளைகள், எல்லாம் இந்த உருண்டையால் வந்தவை. அந்த நாட்டு உள்துறை அமைச்சு உடனே விளையாட்டுத் துவக்குகளைத் தடை செய்தது. நிஜக் குண்டு நாள்தோறும் வெடிக்கிற நாட்டில் விளையாட்டுக் குண்டைத் தடை செய்கிறார்கள் என்று சிலர் சிரித்தார்கள். 184 கண் என்பது சிரிக்கிற விஷயம் இல்லை.

தடை என்றால் வேறு நாடுகளும் போட்டிருக்கின்றன. சுவீடனில் 1979இல் அரசும் வியாபாரிகளும் பேசிப் போர் விளையாட்டுச் சாமான்களை விற்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். பிரேசிலில் 2003இல் வந்த ஆயுதச் சட்டத்தில், நிஜத் துவக்கோடு குழம்பக்கூடிய விளையாட்டுத் துவக்கு செய்யவும் விற்கவும் முடியாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரேசில்காரர் எழுதியதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் விளையாட்டைப் பிடிக்கவில்லை, குழப்பத்தைப் பிடித்தார்கள். துவக்கு வாங்கிக் கொடுக்காத பிள்ளை தென்னை மட்டையை எடுத்துச் சுடும், அதுவும் இல்லாவிட்டால் விரலை நீட்டிச் சுடும். அதை எந்தச் சட்டமும் தடுக்காது, தடுக்கவும் தேவையில்லை. மட்டையைப் பார்த்து உம்மும்மா பயப்படமாட்டா.

சரி, மூச்சை எடுத்துக்கொண்ட பரம்பரைக்கு வருவோம்.

1969இல் ரெய்ன் கையர் என்ற அமெரிக்க விளையாட்டுச் சாமான் வடிவமைப்பாளர், குகை மனிதர் விளையாட்டு ஒன்றை யோசித்தார். ஆளை ஆள் எறிய நுரையில் செய்த பொய்க் கற்கள். விளையாட்டை விட எறிகிற கல்லே எல்லாருக்கும் பிடித்துப்போனது. பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1970இல் அந்த நுரையை நான்கு அங்குலப் பந்தாக்கி 'நெர்ஃப்' என்ற பெயரில் விற்றது. வீட்டுக்குள்ளே எறிந்தாலும் கண்ணாடி உடையாது என்பதுதான் விளம்பரம். முதல் வருசத்திலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. இதில் துவக்கு எங்கேயும் இல்லை. முதலில் வந்தது, நோகாமல் படக்கூடிய ஒன்று. அதை எறிவதற்குக் கருவி தேடிக்கொண்டு போனதில்தான் 20 வருசம் கழித்துத் துவக்கு வந்தது. 1989இல் பந்து சுடுவது, 1992இல் நுரை அம்பு சுடுவது. நிஜத் துவக்கில் ஆயுதத்துக்காகக் குண்டு. இங்கே குண்டுக்காக ஆயுதம்.

இதே காலத்தில் லோனி ஜோன்சன் என்றொரு கறுப்பின எஞ்சினியர் இருந்தார். நாசாவின் கலிலியோ விண்கலத்தில் வேலை செய்தவர். 1982இல் தண்ணீரால் வேலை செய்யும் குளிரூட்டி ஒன்றைத் தன் வீட்டுக் குளியலறையில் சோதித்துப் பார்க்கும்போது, குழாயிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு போனது. அது 'சூப்பர் சோக்கர்' என்ற தண்ணீர்த் துவக்கானது. காற்றை அழுத்தித் தண்ணீர் தள்ளுகிற அதே யோசனையை நுரை அம்புக்கும் அவர் கொண்டுபோனார். தனக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகை குறைவாக வந்தது என்று வழக்குப் போட்டு, 2013இல் ஹாஸ்ப்ரோ கம்பெனியிடமிருந்து ஏறத்தாழ 7 கோடி 30 லட்சம் டொலர் வாங்கினார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

ஸ்பொஞ்ச் துவக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது பஸ்தர் துப்கிதான். மூங்கிலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய், குச்சிக்குப் பதிலாக ஸ்பிரிங் பூட்டிய பிஸ்டன். பின்னால் இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டும். விசையை அமுக்கினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும், காற்று அம்பைத் தள்ளும். காஷ்கரியின் அகராதியில் இருக்கிற அர்த்தத்துக்குச் சொல் திரும்பி வந்துவிட்டது. பெட்டரித் துவக்கு இன்னொரு வகை. அதில் மோட்டரால் சுழலும் இரண்டு சில்லுகளுக்கு நடுவில் அம்பு அகப்பட்டு வெளியே வீசப்படும். கிரிக்கட் பயிற்சியில் பந்து போடுகிற மெஷினுக்கும் இதற்கும் தத்துவம் ஒன்று. கறாராகப் பார்த்தால் அதைத் துவக்கு என்று சொல்லவே கூடாது, அதில் மூச்சு இல்லை.

இப்போ கடைக்குப் போவோம். நெர்ஃப் பெட்டி எங்கள் பக்கத்தில் அபூர்வம், விலையும் கை வைக்க ஏலாது. புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து வருவது அநேகமாகச் சீனக் கொப்பிகள். கொப்பி என்று முகம் சுளிக்க வேண்டாம். அம்பின் அளவு அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான், குறுக்களவு கிட்டத்தட்ட 12.7 மில்லிமீற்றர். நீளத்தில்தான் இரண்டு வகை, ஒன்று 7 சென்டிமீற்றர் அளவில், மற்றது அதில் பாதி. எது போகும் என்று பார்த்து வாங்கினால் ஒரு துவக்கின் அம்பு மற்றதில் போகும்.

உருண்டையையும் அம்பையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு கிராம் அம்பு வினாடிக்கு 20 மீற்றர் போனால் அதன் சக்தி 0.2 ஜூல். 0.12 கிராம் உருண்டை 58 மீற்றர் போனாலும் அதே 0.2 ஜூல். சக்தி ஒன்றென்றாலும் அம்பு படுகிற பரப்பு உருண்டையைப் போல நாலரை மடங்கு, முனையும் மெத்து. முதுகில் பட்டால் ஒன்று 'பொத்', மற்றது சுள்ளென்று தடிக்கும். ஆனால் கண் என்று வந்தால் இந்த ஆறுதல் செல்லாது. கண்குழியின் எலும்பு வாய் அம்பை விடப் பெரிது, அம்பு நேரே உள்ளே போகும். 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி வைத்தியர்கள், நுரை அம்பு பட்டுக் கண்ணுக்குள்ளே இரத்தம் கசிந்து வந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். பெரியவர்கள் இரண்டு பேர், 11 வயதுப் பிள்ளை ஒன்று. ஆகவே முகத்துக்கு நேரே இல்லை என்பது முதல் சட்டம். சுடுகிற பிள்ளைக்கும் சுடப்படுகிற பிள்ளைக்கும் மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. காட்வெயார் கடையில் வெல்டிங்காரருக்கும் தச்சருக்கும் விற்கிறதே, அதில் வெள்ளைக் கண்ணாடி. துவக்கு வாங்குகிற அன்றே அதையும் வாங்குங்கள், பிறகு ஒருநாளும் வாங்கமாட்டீர்கள்.

பாத்திர உறிஞ்சி மாதிரி ரப்பர் வாய் வைத்த சின்ன அம்புகளைத் தொடாதீர்கள். இரண்டு கையும் துவக்கை இழுக்கும்போது பிள்ளைகள் அம்பை வாயில் கவ்விக்கொள்ளும். மூச்சை இழுத்தால் தொண்டையில் போய் ஒட்டிவிடும். அமெரிக்காவில் 2010இல் அப்படி உயிர்கள் போனபிறகு லட்சக்கணக்கில் அவற்றைத் திருப்பி எடுத்தார்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கிற ஜெல் உருண்டைத் துவக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள்ளே போய்ப் பெருத்து அடைக்கும்.

ஸ்பிரிங்கா பெட்டரியா? எங்கள் ஓட்டு ஸ்பிரிங்குக்கு. பெட்டரி தீர்ந்தால் பிள்ளையின் பெருநாளும் தீர்ந்தது. கடல் காற்றில் உப்பு ஏறிப் பெட்டரிக் கம்பி பச்சை பிடிக்கிற வேகம் இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும்தான், ஆனால் கழற்றித் துடைத்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் ஓடும். வாங்கும்போது பிள்ளையிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். வாப்பா இழுத்துப் பார்த்து வாங்கியதைப் பிள்ளையால் இழுக்க முடியாமல், பெருநாள் முழுக்க "நானா, இழுத்துத் தாங்க" என்று திரிவதை எத்தனையோ வீட்டில் பார்க்கலாம். கூடிய ஸ்பிரிங் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே போட்ட கணக்கில் வேகம் இரட்டித்தால் சக்தி நாலு மடங்காகும்.

ஒரு பெரிய துவக்கை விட இரண்டு சின்னத் துவக்கு நல்லது. ஒன்று இருந்தால் ஒரு பிள்ளை சுடும், மற்றவை ஓடும். இரண்டு இருந்தால்தான் விளையாட்டு.

நிறம். நீலம், செம்மஞ்சள், பச்சை, ரோசா, எதுவும் பரவாயில்லை. கறுப்பும் வெள்ளியும் வேண்டாம். ஸ்பொஞ்ச் துவக்கிலும் இப்போது கறுப்பு நிறத்தில் நிஜப் பெயர் பொறித்து, சுட்டால் வெற்றுக்கோது பக்கத்தில் தெறித்து விழுகிற வகை வந்திருக்கிறது. பொடியன்மார் கண் அதில்தான் நிற்கும். உள்ளே மூச்சு இருந்தாலும் அது பழையபடி முகத்தைக் கொப்பி அடிக்கிற சாமான். அதைக் கேட்டு அழுகிற பிள்ளைக்கு ஒரு யோசனை. நீல நிறத்தை வாங்கி, மிச்சக் காசில் அம்பு வாங்கிக் கொடுங்கள். பன்னிரண்டு அம்பு உள்ள பிள்ளை, மூன்று அம்பு உள்ள கறுப்புத் துவக்கை ஐந்து நிமிசத்தில் தோற்கடித்துவிடும். பிறகு ஒருவரும் கறுப்பைக் கேட்கமாட்டார்கள்.

கடைசியாகக் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மாம்புரிக் கடற்கரையில் அடிக்கிற தென்மேல் காற்றை நம்பித்தான் அந்தக் காற்றாலைகளே நிற்கின்றன. ஒரு கிராம் நுரை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? நேரே சுட்ட அம்பு வளைந்து அடுத்த வளவுக்குள்ளே போகும். காற்றுக்கு எதிரே சுட்டால் சுட்டவனிடமே திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த மாதங்களில் தென்னந்தோட்டத்துக்கு உள்ளே, இல்லாவிட்டால் வீட்டு விறாந்தையில் வைத்து விளையாடுங்கள். கடற்கரை மணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நுரை அம்பு மிதக்கும், உக்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, பறந்து போனதெல்லாம் ஏதாவது ஒன்றில்தான் போய் விழும். அம்பை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க ஒரு ராத்தாவைப் போட்டுவிடுங்கள். பன்னிரண்டு போனால் பன்னிரண்டு வரவேண்டும். பதினொன்றுதான் வந்தது என்றால், அந்த ஒன்றைத் தேடி எடுத்த பிறகுதான் அடுத்த ஆட்டம்.